முப்பதுக்கும் நாற்பதுக்கும் நடுவில்

கரீம் பொத்தானை அமுக்க அமுக்க, துபாயிலிருந்து அவன் கொண்டுவந்த ரேடியோவில் சிவப்பு எண்கள் எகிறிக் குதித்தன. முள் கிடையாது, திருகு கிடையாது, எல்லாம் எண்தான். காரிமங்கலமே தையல்கடை வாசலில் கூடிவிட்டது. சந்தைக்கு வந்த ஆடுகள்கூடக் கழுத்தை நீட்டிப் பார்த்தன என்று சொன்னால் என் மனைவி செல்லம்மாள் நம்பமாட்டாள். ஆடுகளைக் கேட்டால் சொல்லும்.

"இனி முள்ளு வெச்ச பொட்டியெல்லாம் காயலாங்கடைக்குத்தாங்க, மாதுண்ணா" என்று கரீம் என்னைச் சீண்டினான். என் வீட்டுப் பெட்டியில் முள் இலங்கையைக் காட்டும், பெங்களூர் பேசும். ஊரறிந்த சேதி.

கரீமின் மாமா, கடைக்காரர் நசீருதீன் பாய், சிரிக்கவில்லை. கடைக்கும் தெருவுக்குமாக நடந்துகொண்டிருந்தார். மகள் குல்ஷன் திருச்சி வானொலியில் பேசிப் பதிவு செய்துவிட்டு வந்திருந்தாள். அன்று மதியம் ஒலிபரப்பு. மாதாமாதம் வந்து பேசும்படி கேட்டிருந்தார்கள்.

"மொதல்ல காதால கேக்கறன். நல்லாருந்தா போவட்டும். இல்லன்னா கடைல பட்டன் தைக்கட்டும்" என்று பாய் சொல்லிவிட்டார். கடையின் உள்வாசல் திரைக்குப் பின்னால் குல்ஷன் நின்ற இடத்தில் திரை நடுங்கிக்கொண்டிருந்தது.

நேரம் வந்தது. தொள்ளாயிரத்து முப்பதில் வைத்தான் கரீம். ஏழு போர்வைக்கு அடியிலிருந்து யாரோ முனகினார்கள். நாற்பதில் வைத்தான். கொசு பாடியது.

"திருச்சி முப்பத்தாறுல இல்ல இருக்குது?" என்றேன்.

"இது அமெரிக்காவுக்குன்னு செஞ்சதுங்க. பத்துப் பத்தாத்தான் தாவும்."

"அப்ப நம்ம ஊரு ஸ்டேஷன் அவனுக்குக் கணக்குலயே வரலியா?"

பாயின் முகம் சுருங்கியது. "இப்பிடியா பேசிட்டு வந்த?"

திரை அலறியது. "அத்தா, அது நான் இல்ல! நாந்தான்... ஆனா அப்பிடி இல்ல!"

முப்பது வருஷம் ரோடு ரோலர் ஓட்டி ரிட்டயரானவன் நான். அன்றைக்கு ஓடிய ஓட்டத்தில் என் செருப்பு எனக்குப் பின்னால் தனியாக ஓடி வந்தது. வீட்டிலிருந்த பெட்டியை அள்ளிக்கொண்டு வந்து திருகை மயிரிழை நகர்த்தினேன். கரகரப்பு விலகியது.

"...அளவெடுக்கும்போது எங்கள் அத்தா மூச்சை அடக்கிக்கொள்வார். சட்டை தைக்க வந்தவர் வயிற்றை அடக்கிக்கொள்வார்..."

கூட்டம் வெடித்துச் சிரித்தது. பாய் பெட்டியைப் பிடுங்கி வயிற்றோடு அணைத்துக்கொண்டார். கொஞ்சம் திரும்பினார், குரல் தேய்ந்தது. பதறிப்போய்ப் பழைய திசைக்கே திரும்பி அப்படியே நின்றார்.

பேச்சு முடிந்தது. வேறொரு பெண் மாவடு போடச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள்.

"மறுபடியும் எம்பொண்ணு பேரு சொல்லுவாங்களாங்க, மாது?" என்றார் பாய்.

"சொல்லாம இருப்பாங்களா, பாய்!" என்று அடித்துவிட்டேன்.

கிருஷ்ணகிரி பஸ் வந்து ஹாரன் அடித்தது. பாய் பெட்டியின் திசை மாறாமல் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நகர்ந்து வழிவிட்டார். திரைக்கு வெளியே குல்ஷனின் ஒரு கால் மட்டும் வந்திருந்தது.