கைதான் படிக்காத பத்திரம்

எர்மெலிந்தாவுக்குக் கல்யாணம் கூடி வந்தபோது வயது முப்பத்தெட்டு. கோவாவில், மட்காவ் ஊரில் பள்ளி ஆசிரியை. அப்பா எழுதிவைத்துவிட்டுப் போன குர்டோரி கிராமத்து வீடு அவள் பெயரில் இருந்தது. மாப்பிள்ளையின் பெயர் கைதான்; கப்பலில் சமையற்காரன். நல்ல மனுஷன், ஆனால் கொங்கணி தவிர வேறெதுவும் படிக்கத் தெரியாது.

அண்ணன் ரோக் அவளை விடவில்லை.

"சும்மா கல்யாணம் பண்ணினா நம்ம கோவா சட்டப்படி வீட்டுல பாதி அவனுக்குப் போயிடும். தனித்தனிச் சொத்துன்னு முன்னாடியே பத்திரம் எழுதிடு. அப்புறம் நீ தலைகீழா நின்னாலும் மாத்த முடியாது."

பதிவு அலுவலகத்துக்குப் போகும் பேருந்தில் கைதான் கேட்டான்: "இது என்ன காகிதம், லிந்தா?"

"கப்பல்ல உனக்கு ஏதாவது கடன் வந்தா வீட்டைத் தொடக் கூடாதுன்னு ஒரு ஏற்பாடு. அவ்வளவுதான்."

அது முழுப் பொய்யில்லை. பாதியைத்தான் விழுங்கினாள். பதிவாளர் அவனிடம் கொங்கணியில், "எல்லாம் புரிஞ்சுதா?" என்று கேட்டார். "அவ டீச்சர், அவ சொன்னாப் போதும்" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான். அந்த நேரம் எர்மெலிந்தா சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினாறு வருடம் ஓடியது. குழந்தை இல்லை. ஒவ்வொரு விடுமுறைக்கும் கைதான் வந்ததும் வராததுமாகக் கைலியை மடித்துக்கட்டிக்கொண்டு கூரையில் ஏறிவிடுவான். உளுத்த உத்திரங்களை மாற்றினான், கிணற்றைத் தூர் வாரினான், பின்கட்டில் புதுச் சமையலறையே எழுப்பினான். "நம்ம வீடு" என்று அவன் சொல்லும்போதெல்லாம் அவள் பேச்சை மாற்றிவிடுவாள்.

கோயில் திருவிழா அன்று மதியம் சாப்பாட்டுக்கு ரோக் வந்திருந்தான். இரண்டு கிளாஸ் ஃபெனி உள்ளே போனதும் கைதானின் தோளைத் தட்டினான்.

"நல்லாக் கட்டு மச்சான், நல்லாக் கட்டு! உன் கையால கட்டுறதுல என் பசங்க சுகமா இருப்பாங்க."

"ஏன், நாங்க எங்க போறோம்?"

"அவ முன்னாடி போயிட்டா நீ உங்க அம்மா வீட்டுக்குத்தானே போகணும்? பத்திரத்துல அப்படித்தானே இருக்கு!"

கைதான் மனைவியைப் பார்த்தான். அவள் சொர்ப்போத்தல் பன்றிக்கறிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

எல்லோரும் போன பிறகு அவளே சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை, பேருந்தில் விழுங்கிய பாதியையும் சொன்னாள். அவன் கத்தியிருந்தால் தாங்கியிருப்பாள்.

"உண்மையைச் சொல்லிக் கேட்டிருந்தா அன்னைக்கே கையெழுத்துப் போட்டிருப்பேனே, லிந்தா" என்றான். "உன் அப்பா வீடு. எனக்கு எதுக்கு? ஏன் என்னை முட்டாளாக்கினே?"

மறுநாள் பையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டான்.

எர்மெலிந்தா மட்காவில் ஒரு பெண் வக்கீலைப் பார்த்தாள். அந்தப் பத்திரத்தைக் கல்யாணத்துக்குப் பின் மாற்ற வழியே இல்லை என்று அந்த அம்மாள் சொன்னாள். "ஆனா உங்களுக்குக் குழந்தை இல்லை, அப்பா அம்மாவும் இல்லை. முழு வீட்டையும் உங்க கணவர் பேருக்கு உயில் எழுதலாம். அண்ணன் கோபப்படுவார், பரவாயில்லையா?"

"கோபப்படட்டும்" என்றாள்.

உயிலை எழுதிப் பதிந்துவிட்டு மாமியார் வீட்டுக்குப் போனாள். கைதான் வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தான்.

"இதைப் படிச்சுச் சொல்றேன். ஒரு வரி விடாம."

"வேண்டாம். வச்சுக்கோ."

ஆனாலும் பதினோராவது நாள் திரும்பி வந்தான். முன்போலவே சமைத்தான், பேசினான், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கூட வந்தான். கூரையில் மட்டும் ஏறவில்லை.

மழைக்கு முன்னால் வர்ணம் அடிக்க வந்த ஆள், முகப்புக்கு என்ன நிறம் என்று அவனிடம் கேட்டான்.

"வீட்டுச் சொந்தக்காரியைக் கேளுங்க" என்றான் கைதான், குரலில் கோபமே இல்லாமல்.

எர்மெலிந்தா கதவருகே நின்றிருந்தாள். வந்த ஆள் அவள் பக்கம் திரும்பி, அதே கேள்வியை மறுபடியும் கேட்டான்.