காய்ந்த தொட்டி

குளிர்பெட்டியைத் திறந்ததும் பொன்ராஜ் சட்டென்று பின்வாங்கி, கேபின் கூரையில் தலையை இடித்துக்கொண்டான். கடைசியாகத் தங்கிப் போன ஜோடி ஒரு பை இறாலை உள்ளே வைத்துவிட்டு, பேட்டரி சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போயிருந்தது. இறால் இப்போது இறாலாக இல்லை. சாம்பல் நிறக் கூழாகிப் பையை உப்பவைத்து, பையின் ஓட்டை வழியாகத் தயிர் டப்பாவின் மேல் வடிந்திருந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு இரண்டையும் வாளிக்குள் தள்ளி, வெளியே ஓடிப்போய்த்தான் மூச்சு விட்டான்.

அந்தப் பாய்மரப் படகு கடலுக்கென்று செய்தது. யாரோ ஒரு வெள்ளைக்காரர் அதில் பல வருடம் நாடு நாடாகச் சுற்றிவிட்டு, கொச்சியில் விற்றுவிட்டு விமானம் ஏறிப் போய்விட்டார். வாங்கிய முதலாளி அதை டிரெய்லரில் ஏற்றி மலைக்குக் கொண்டுவந்து, இடுக்கியில் அணைக்கரையில் இருந்த தன் ரிசார்ட்டில் இறக்கினார். ஒற்றைப் பாய்மரம், உள்ளே இரண்டு படுக்கை, ஒரு அடுப்பு, கதவு வைத்த ஒரு சின்னக் கக்கூஸ். தண்ணீருக்கு மேல் ஒரு ராத்திரி தூங்கலாம் என்று விளம்பரம் செய்தார்கள். தோணி ஓட்டிக்கொண்டிருந்த பொன்ராஜைக் கொச்சிக்கு அனுப்பி, பாய் ஏற்றவும் இறக்கவும் காற்றுப் பார்க்கவும் பழக்கி, படகை அவனிடம் ஒப்படைத்தார்கள்.

அது முதல் சீசன். கூட்டம் குறையவே இல்லை. இப்போது இடவப்பாதி மழை, வைகாசியில் தொடங்கும் பருவமழை, வரப்போகிறது. படகைக் கரையேற்றி, கழுவி, காயவைத்து, ஷெட்டில் மூடிவைத்துவிட்டால் பொன்ராஜுக்கு ஒரு மாத லீவு. அணையின் மறுகரையில், தேயிலை எஸ்டேட் லயத்தின் வரிசை வீடுகளில் ஒன்று அவன் வீடு. மனைவி பூமாரி கொழுந்து பறிக்கிறாள். மகள் மோனிஷா மூன்றாம் வகுப்பு. கரையில் நின்றால் அந்த லயத்தின் தகரக் கூரை தெரியும். பஸ்ஸில் போனால் அணையைச் சுற்றிக்கொண்டு போக இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

காலையிலேயே ஆட்களை வைத்துப் படகைக் கரையேற்றி ஷெட் வாசலில் நிறுத்தி, பாய்களை அலசிப் புல்லில் காயப்போட்டிருந்தான். கயிறுகளைச் சுருட்டிவிட்டான். அதுவரை வேலை அவனுக்குப் பிடித்துத்தான் இருந்தது. கேபினுக்குள் நுழைந்த பிறகுதான் அது மாறியது. மெத்தைகளைப் புரட்டினால் அடியில் தேமல் மாதிரிப் பூஞ்சை. மெத்தைக்கும் சுவருக்கும் நடுவே வெட்டிப்போட்ட நகம், பாதி கடித்த கோழி எலும்பு, ரத்தக்கறையோடு ஒரு பிளாஸ்திரி. தரைப்பலகையைத் தூக்கினால் படகின் அடிவயிற்றில் கறுப்புத் தண்ணீர். மேலே டீசல் படலம், அதில் பின்னிக்கொண்ட யார் யாருடைய தலைமுடியோ, ஊறிப் பெருத்த ஒரு குழந்தையின் டயப்பர்.

"காசு குடுத்து வந்து இப்படியும் கிடப்பானுவளா?" என்று வாய்விட்டே சொன்னான். டப்பாவால் மொண்டு மொண்டு வாளியில் ஊற்றினான்.

எல்லாவற்றையும் முடித்தும் ஒன்று மிச்சமிருந்தது. காலையிலிருந்து அதைத்தான் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தான். கக்கூஸ் தொட்டி. முன்படுக்கைக்கு அடியில், வெள்ளை பிளாஸ்டிக்கில், ஒரு பெரிய சூட்கேஸ் அளவுக்கு இருந்தது. அணைக்குள் அழுக்குப் போகக் கூடாது என்று அனுமதி கொடுக்கும்போதே அதிகாரிகள் சொல்லிவிட்டதால் புதிதாகப் பொருத்தியது. பொன்ராஜின் வார லீவு நாளில் கீழேயிருந்து லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போகும் என்று மேனேஜர் ஜின்சன் முதல் நாளே சொல்லியிருந்தார். படகில் ஏறும் ஒவ்வொருவரிடமும் பொன்ராஜ் அதைப் பெருமையாகச் சொல்வான். "எல்லாம் தொட்டிக்குத்தான் போகும் சார். டேமுக்கு ஒரு சொட்டு போகாது. நீங்க தைரியமாக் குளிக்கலாம்." வெளிநாட்டுக்காரர்கள் தலையாட்டிப் பாராட்டுவார்கள்.

லாரி உறிஞ்சினாலும் அடியில் கெட்டியாய்ப் படிந்து கிடக்கும். அதைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். மூக்கில் தைலம் தடவி, மாஸ்க் கட்டி, அதன்மேல் துண்டைச் சுற்றினான். முழங்கை வரை கையுறை மாட்டினான். திருகாணிகளைக் கழற்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டு மூடியைத் தூக்கினான்.

நாற்றம் வரவில்லை.

டார்ச்சை அடித்துப் பார்த்தான். உள்ளே வெள்ளை வெளேரென்று இருந்தது. ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதில் பிரிக்காத திருகாணிகள், ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம். கையுறையைக் கழற்றி வெறும் விரலால் அடியைத் தடவினான். தூசி ஒட்டியது. புதுப் பிளாஸ்டிக் வாசனை.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. பெரிய வேலை மிச்சம் என்று மாஸ்க்கை இழுத்துக் கழுத்தில் விட்டான். மூடியைத் திரும்ப வைக்கப் போனபோதுதான் அந்தக் கேள்வி வந்தது. அப்படியானால் இத்தனை பேர் போனது எங்கே?

கக்கூஸிலிருந்து வந்த ஓஸ் ஒரு வால்வில் இரண்டாகப் பிரிந்தது. ஒன்று தொட்டிக்கு. அது மடிப்புக் கலையாத வெள்ளை. இன்னொன்று படகின் அடித்தட்டில் இருந்த ஓட்டைக்கு. அது உள்ளிருந்து ஊறிப் பழுப்பேறியிருந்தது. வால்வின் கைப்பிடியை அடித்தட்டுப் பக்கம் திருப்பி, அசையாதபடி பிளாஸ்டிக் நாடாவால் கட்டியிருந்தார்கள். நாடாவின் மேல் ஒரு சீசனின் தூசி.

இறாலுக்கு வராத வாந்தி இப்போது வந்தது. படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு புல்லில் எடுத்தான். நிமிர்ந்தபோது கண்ணில் பட்டது மறுகரை. ராத்திரியில் நங்கூரம் போட அவன்தான் ஒரு இடம் கண்டுபிடித்து வைத்திருந்தான். மலை மறைவில் காற்றே வராத ஒரு மூலை. விருந்தாளிகள் ஆடாமல் தூங்குவார்கள். அந்த மூலையிலிருந்து கல்லெறி தூரத்தில் எஸ்டேட் பம்ப் ஹவுஸ். லயத்துக் குழாய்களுக்கெல்லாம் அங்கிருந்துதான் தண்ணீர். குளோரின் போடுவது எப்போதாவதுதான்.

மாசி மாதம் லயத்தில் வரிசையாக மஞ்சள் காமாலை வந்தது. மோனிஷா கண்ணெல்லாம் மஞ்சளாகிக் கஞ்சித்தண்ணியைக்கூட வாந்தியெடுத்துக் கிடந்தாள்.

ஜின்சன் கேண்டீனில் தனியாக உட்கார்ந்து கப்பைக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பொன்ராஜ் போய் எதிரில் நின்றான்.

"சாரே, கக்கூஸ் தொட்டி காஞ்சு கிடக்கு."

"நல்லதல்லே? உனக்கு ஜோலி குறைவு."

"ஓஸ் எல்லாம் நேரா டேமுக்குப் போயிருக்கு. வால்வக் கட்டி வச்சிருக்கு."

ஜின்சன் கப்பையை உடைத்துக் குழம்பில் தோய்த்தார். "எடா, அந்த டேங்கில போனா கேபின் முழுக்க ஸ்மெல் வரும். கெஸ்ட் ரிவ்யூல எழுதிப்போடுவாங்க. லாரி இந்த ரோட்டுல ஏறாது. நான் என்ன செய்ய?"

"அங்கிட்டு எங்க குடிதண்ணி பம்ப் இருக்கு சாரே."

"டேம் எவ்ளோ வலுது, எவ்ளோ பெருசு! ஆனையும் காட்டெருமையும் அதுலதானே போகுது. நீ எதுக்கு டென்ஷன் ஆகுற?"

"அந்தத் தண்ணிய நீங்க குடிப்பீங்களா?"

"எனக்கு ஃபில்டர் இருக்கு" என்றார் ஜின்சன். கேலியாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார்.

பொன்ராஜ் அவர் தட்டைப் பார்த்தான். "மீன் ஏது சாரே?"

"டேம் மீன். நேத்து நீதானே தூண்டில்ல பிடிச்சுத் தந்தே."

சொல்லி முடித்ததும் அவர் கை நின்றது. வாயில் இருந்ததை மெல்லவும் முடியாமல் முழுங்கவும் முடியாமல் ஒரு கணம் உட்கார்ந்திருந்தார். பிறகு கைகழுவும் தொட்டிக்கு எழுந்து ஓடினார். துப்பிவிட்டு வந்து கத்தினார். "சாப்பிடுற நேரத்துல வந்து பறையுற காரியமா இது? போடா, போய் வேலைய முடிச்சிட்டு வீட்டுக்குப் போ!"

பொன்ராஜ் போய் வேலையை முடித்தான். அந்தப் பழுப்பு ஓஸை அறுத்தெடுத்து ஷெட்டுக்குப் பின்னால் குப்பையில் வீசினான். அடித்தட்டு ஓட்டையில் மரக்கட்டையை அடித்து இறுக்கி, மேலே எம்-சீல் பிசைந்து அப்பினான். இனி யாரும் திறக்க முடியாது என்ற ஒரு ஆத்திரம். பாய்களை மடித்துப் பையில் போட்டு, என்ஜினில் எண்ணெய் விட்டு, ஆட்களோடு படகை ஷெட்டுக்குள் தள்ளி, தார்ப்பாயை இழுத்துக் கட்டினான். மதிய பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் ஊர் போய்ச் சேர்ந்தபோது லயத்தில் விளக்கு போட்டிருந்தார்கள்.

மோனிஷா ஓடிவந்து பையை வாங்கிக்கொண்டாள். பூமாரி ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

அவன் வாங்கவில்லை.

"கொதிக்க வச்சதுதான். குடிங்க."

மகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பொன்ராஜ் எல்லாவற்றையும் சொன்னான். பூமாரி செம்பைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"ராவுல படக எங்கன நிறுத்துவீங்க?"

"பம்ப் ஹவுஸ் பக்கத்துல. அங்கன காத்து வராது."

"காத்து வராதுன்னு அங்கன நிறுத்துனீங்க."

"தொட்டி இருக்குன்னு நெனச்சேன் பூமாரி."

அவள் செம்புத் தண்ணீரை வாசலில் கொட்டினாள். பிறகு குனிந்து, காறிக் காறி மூன்று தடவை துப்பினாள். உள்ளே போகும்போது திரும்பாமலே சொன்னாள். "போயி கைய சோப்பு போட்டுக் கழுவுங்க. அந்தக் கையோட பிள்ளயத் தொடாதீங்க."

குழாயடிக்குப் போய்க் குழாயைத் திறந்தான். அதே தண்ணீர் கொட்டியது. சோப்பைக் கையில் வைத்தபடி அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். கழுவினால் கை அழுக்காகும் போல இருந்தது. ஆனாலும் கழுவினான்.

விடிந்ததும் குழாயடியில் பெண்கள் குடத்தோடு நின்றபோது பூமாரி அவனைக் கூப்பிட்டாள். "நேத்து எங்கிட்ட சொன்னத இவங்க கிட்டயும் சொல்லுங்க."

சொன்னான். ஒருத்தி குடத்தைக் கவிழ்த்துவிட்டாள். ஒருத்தி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு ஓரமாகப் போய்க் குமட்டினாள். "இத்தன மாசமா அவனுவ மலத்தத் தின்னுட்டா கெடந்தோம்?" என்று யாரோ கத்தினார்கள். பக்கத்து வீட்டுப் பெரியமுத்து மட்டும், "எத்தன பேருக்குப் பொண்ணு காட்டுனமோ, அத்தன பேருக்கும் இத வச்சுத்தானய்யா காப்பி போட்டுக் குடுத்தோம்" என்று சிரித்தார். அவரை ஒருத்தரும் பார்க்கவில்லை.

மாசியில் காமாலைக்கு வந்துபோன ஹெல்த் இன்ஸ்பெக்டர் ஷிஜியின் நம்பர் பூமாரியிடம் இருந்தது. அவளே கூப்பிட்டாள். பத்து மணிக்கெல்லாம் ஷிஜி ஜீப்பில் வந்து, பூமாரியையும் பொன்ராஜையும் ஏற்றிக்கொண்டு ரிசார்ட்டுக்குப் போனார்.

ஜின்சன் முகத்தில் பதற்றமே இல்லை. ஷெட்டைத் திறந்து, தார்ப்பாயை விலக்கி, டார்ச் அடித்துக் காட்டினார். "பாருங்க மேடம். டேங்க் கண்ணாடி மாதிரி இருக்கு. அடியில ஹோல் சீல் பண்ணியிருக்கு. பின்ன எங்க லீக்?"

பொன்ராஜுக்கு அப்போதுதான் உறைத்தது. ஓட்டையை அடைத்தது அவன். ஓஸை அறுத்தது அவன். படகு இப்போது கோயில் பாத்திரம் மாதிரிச் சுத்தமாக நின்றது. ஒரு போட்டோகூட எடுக்கவில்லை.

"இத அடைச்சது யாரு?" என்று ஷிஜி கேட்டார்.

"நான்தான் மேடம். நேத்து."

"நல்ல வேலைக்காரன்" என்றார் ஜின்சன்.

பூமாரி கணவனைப் பார்த்த பார்வையில் அவன் தலை குனிந்தது. ஷிஜி படகைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். "லாரி யாரோடது?" என்று ஜின்சனிடம் கேட்டார். ஆபீஸில் கேட்டுச் சொல்ல வேண்டும் என்றார் அவர். ஷிஜி மறுபடி பொன்ராஜிடம் திரும்பினார். "அடைக்கறதுக்கு முன்னாடி அந்த ஹோல்ல என்ன மாட்டியிருந்தது?"

"ஓஸ் மேடம். அறுத்துக் குப்பையில போட்டுட்டேன்."

"போய் எடுத்துட்டு வா."

ராத்திரி மழையில் நனைந்து, எறும்பு மொய்த்துக் கிடந்தது. இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு வந்து சிமெண்ட் தரையில் போட்டான். ஷிஜி பூட்ஸ் காலால் அதை மிதித்து வளைத்தார். உள்ளிருந்து கறுப்பாக ஒரு கட்டி நழுவி, ஜின்சனின் செருப்பு நுனியில் விழுந்தது. ஷெட் முழுக்க நாறியது. ஜின்சன் காலை உதறிக்கொண்டு வெளியே பாய்ந்தார். ஷிஜி முகத்தைத் திருப்பிக்கொண்டே போனில் படம் எடுத்தார்.

படகில் இனி யாரையும் ராத்திரி தங்கவைக்கக் கூடாது என்று அன்றே உத்தரவு வந்தது. திரும்பும்போது ஜீப்பில் பூமாரி கேட்டாள், "எம்மவளுக்குக் காமால வந்தது இதனாலதானா மேடம்?"

"அப்படின்னு என்னால எழுத முடியாது" என்றார் ஷிஜி. "அந்தக் கரையில இன்னும் எத்தன ரிசார்ட் இருக்குன்னு பாத்தீங்கல்ல?"

வழியெல்லாம் பூமாரி தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டே இருந்தாள். ஜீப்பில் எந்த நாற்றமும் இல்லை. பொன்ராஜ் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டான்.

மழை கழிந்து நீ வர வேண்டாம் என்று ஜின்சன் போனில் சொன்னார். பொன்ராஜ் சரி என்று வைத்துவிட்டான். கூப்பிட்டிருந்தாலும் போயிருக்க மாட்டான்.

எஸ்டேட்காரர்கள் பம்பை மாற்றுவதாகச் சொன்னார்கள், மாற்றவில்லை. மழை கொஞ்சம் விட்டபோது பொன்ராஜும் நாலைந்து ஆட்களும் மேலே ஏலக்காட்டு ஓடையிலிருந்து கறுப்பு ஓஸ் இழுத்து வந்தார்கள். அட்டை கடித்துக் காலெல்லாம் ரத்தம். பூமாரியும் கொழுந்துக்காட்டிலிருந்து வந்து ஒரு சுருளைத் தோளில் சுமந்தாள். அன்றைக்குத்தான் அவனிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசினாள்.

ஓடைத் தண்ணீர் குழாயில் வந்த நாளில் எல்லாரும் பிடித்துக் குடித்துப் பார்த்தார்கள். இலை மட்கிய ஒரு துவர்ப்பு அதில் இருந்தது. பெரியமுத்து ஒரு வாய் குடித்துவிட்டு, முகத்தைச் சுளித்து மிச்சத்தைக் கீழே கொட்டினார்.

"என்னத்தச் சொன்னாலும் டேம் தண்ணி ருசி இதுக்கு வராதுடே" என்றார்.

பின்னால் நின்ற நாலைந்து பேர் ஆமாம் என்று தலையாட்டினார்கள். பொன்ராஜுக்கு மேலெல்லாம் கூசியது. குடத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தான்.