அரை மீட்டர்

பெரியம்மா என்பது படகின் பெயர் இல்லை. பதிவுப் பலகையில் எழுத்தும் எண்ணுமாக வேறு ஏதோ இருக்கிறது. அகன்ற இடுப்பு, அவசரமே தெரியாத நடை, எந்தத் துறைக்குப் போனாலும் பக்கத்துப் படகை ஒருமுறை இடித்துவிட்டு உட்காரும் சுபாவம். இதையெல்லாம் பார்த்துக் கொழுந்தன் வைத்த பட்டப்பெயர் அது. அன்று பெரியம்மாவின் வயிற்றில் டைல்ஸ் பெட்டிகள் அடுக்கியிருந்தன. கீழே சின்ன அறையில் காலில் தொடைவரை மாவுக்கட்டோடு கணவன் படுத்திருந்தான். எஞ்சின் குழிக்குள் கொழுந்தன் ஒழுகும் பம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதனால் சுக்கான் மனைவியான அவள் கைக்கு வந்திருந்தது.

கடலுக்கும் கரைக்கும் நடுவே நீளமாகக் கிடக்கிறது ஒரு மணல் திட்டு. அதற்கு உள்பக்கமாக ஓடுகிற கால்வாயில்தான் போய்க்கொண்டிருந்தார்கள். கடலலை உள்ளே வராது என்பதால் இம்மாதிரிப் படகுகளுக்கு அது பத்திரமான பாதை. ஆனால் ஓரிடத்தில் திட்டு உடைந்து ஒரு வாய் திறந்திருக்கிறது. ஆபத்து முழுவதும் அங்கேதான். குறுகலான அந்த வாய் வழியாகப் பாய்ந்து வரும் தண்ணீர் மணலையும் அள்ளிக்கொண்டு வரும். கால்வாய்க்குள் நுழைந்ததும் இடம் அகலமாகிவிடும், வேகம் செத்துவிடும். வேகம் செத்த தண்ணீரால் மணலைச் சுமக்க முடியாது, அங்கேயே போட்டுவிடும். அப்படிச் சேர்ந்த மேடு ஒரே இடத்தில் கிடப்பதுமில்லை. ஒவ்வொரு பெருங்காற்றுக்குப் பிறகும் புரண்டு வேறு பக்கம் படுத்துக்கொள்ளும். வழிகாட்ட மிதவைகள் போட்டவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் போட்டார்கள். மேடு அவர்களைக் கேட்டுக்கொண்டு நகர்வதில்லை.

இந்த மாதிரி இடத்தைத் தண்ணீர் ஏறும்போதுதான் கடக்க வேண்டும். ஏறும் நேரத்தில் தரை தட்டினால் பொறுமையாக உட்கார்ந்திருந்தால் போதும், தண்ணீரே வந்து தூக்கிவிடும். வற்றும் நேரத்தில் தட்டினால் ஒவ்வொரு நிமிடமும் படகு மேலும் கனமாகிக்கொண்டே போகும். மூவருக்கும் இது தெரியும். தெரிந்தும் வற்றும் நேரத்தில் வந்ததற்குக் காரணம், சாயங்காலம் கடலிலிருந்து பெருங்காற்று வரும் என்று வானொலி காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்ததுதான். அதற்குள் துறைமுகத்துக்குள் போய்விட வேண்டும்.

காற்றே இல்லை. தண்ணீர் எண்ணெய் ஊற்றி வைத்ததுபோலக் கிடந்தது. கரையில் இருப்பவர்களுக்கு அது அழகாகத் தெரியும், சுக்கான் பிடிப்பவளுக்கு அது கண்ணைக் கட்டிவிட்டதற்குச் சமம். லேசான காற்றாவது இருந்தால் ஆழமான இடத்தில் ஒருவிதமாகவும் ஆழமில்லாத இடத்தில் வேறுவிதமாகவும் தண்ணீரில் சிற்றலை எழும், அதைப் பார்த்து ஒதுங்கலாம். அன்று சாம்பல் வானம் அப்படியே கால்வாயில் கிடந்தது. அவளுக்கு மிச்சமிருந்த ஒரே துணை பெட்டி.

பெட்டி என்றால் ஆழம் காட்டும் கருவி. படகின் அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தத்தைத் தரைக்கு அனுப்பும். சத்தம் தட்டித் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்து, வயிற்றுக்கும் மண்ணுக்கும் நடுவே எத்தனை மீட்டர் இடைவெளி என்று எண்ணில் காட்டும். பொய் சொல்லத் தெரியாத சாதனம் அது. கணவன் அதற்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்திருந்தான். உண்மையான இடைவெளியில் அரை மீட்டரைக் கழித்துக் காட்டும்படி திருகி வைத்திருந்தான். துறையில் அவனுக்கு 'அரை மீட்டர்' என்றே பெயர். சில வீடுகளில் சுவர்க் கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னால் ஓடவிட்டிருப்பார்கள். அந்தப் பத்து நிமிடத்தால் யாரும் சீக்கிரம் கிளம்பியதில்லை, எல்லோரும் மனசுக்குள் கழித்துக்கொள்வார்கள். இங்கே மனசுக்குள் கூட்டிக்கொண்டார்கள், அவ்வளவுதான். அவனேகூட அப்படித்தான்.

"எவ்வளவு காட்டுது?" கீழேயிருந்து கணவனின் குரல் வந்தது.

"பூஜ்யம் புள்ளி ஆறு."

"அப்ப தாராளமா இருக்கு. போ."

"நீங்க கொஞ்ச நேரம் கண்ணை மூடுங்களேன். கால்தானே ஒடைஞ்சிருக்கு, வாயி ஓயவே மாட்டேங்குது."

"வாயிலயும் மாவுக்கட்டுப் போடச் சொல்லியிருக்கணும் நீ."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. திரும்பிப் பார்த்தாள். படகுக்குப் பின்னால் ஓடிவரும் அலை கொஞ்சம் உயரமாகி, படகை நெருங்கி வருவதுபோல இருந்தது. அடியில் தண்ணீர் குறையும்போது அலை அப்படித்தான் முதுகைத் தூக்கும். அவள் வேகத்தைக் குறைத்தாள். பெட்டி பூஜ்யம் புள்ளி மூன்று காட்டியது. எண்பது சென்டிமீட்டர் இருக்கிறது என்று மனம் சொன்னது. பூஜ்யம் புள்ளி ஒன்று. இன்னும் அறுபது. பிறகு வெறும் பூஜ்யம். பூஜ்யத்தில்கூட அவளிடம் அரை மீட்டர் மிச்சம் இருந்தது.

முட்டிய சத்தம்கூட இல்லை. மாவு சலிப்பதுபோல ஒரு நீண்ட உரசல். பெரியம்மா தயங்கி, மூக்கை லேசாகத் தூக்கி, நின்றுவிட்டது.

அவள் எஞ்சினைப் பின்னோக்கிப் போட்டாள். எல்லோரும் முதலில் செய்வது அதுதான், அதிகம் செய்யக்கூடாததும் அதுதான். தண்ணீருக்குள் பின்னோக்கிச் சுற்றும் எஞ்சின் காத்தாடி மணலை வாரிப் படகின் அடியிலேயே கொண்டுவந்து குவிக்கும். எஞ்சினைக் குளிரவைக்க உறிஞ்சும் தண்ணீரோடு மணலும் உள்ளே போகும். பழுப்பு நிறத்தில் தண்ணீர் பொங்கியதைப் பார்த்ததும் அணைத்தாள். அந்த அமைதியில் திட்டுக்கு அப்பால் கடல் உறுமுவது முதல்முறையாகக் கேட்டது.

கொழுந்தன் குழியிலிருந்து தலையை நீட்டினான். முகமெல்லாம் கிரீஸ். "என்ன அண்ணி, பெரியம்மா உக்காந்துட்டாங்களா?"

"உக்காந்துட்டா. பெட்டி கெட்டுப்போச்சுப் போல தம்பி. அரை மீட்டர் இருக்குன்னு பாத்தா தட்டுது."

அவள் நீளக் கம்பை எடுத்துப் பக்கவாட்டில் இறக்கினாள். ஒரு மீட்டர் இருபதில் கம்பு மண்ணைத் தொட்டது. படகின் வயிறு தண்ணீருக்குள் இறங்கும் அளவும் அதேதான். அடியில் மிச்சம் பூஜ்யம். பெட்டி காட்டுவதும் பூஜ்யம். ஈரக்கம்பைக் கையில் வைத்துக்கொண்டு அவள் கொழுந்தனைப் பார்த்தாள். அவன் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணி... நீங்க அதுல அரை மீட்டர் கூட்டிப் பாத்தீங்களா?"

"பின்ன? உங்கண்ணன் வச்ச கணக்குதானே?"

"எடுத்துட்டேன்" என்றான் அவன். "முந்தாநாள். அண்ணன் எந்திரிக்கிறவரைக்கும் நாந்தானே ஓட்டப்போறேன், எதுக்கு இந்தப் பொய்க்கணக்குன்னு சரியா வச்சுட்டேன். பீப் பீப்னு கத்துறதையும் நிறுத்திட்டேன். நீங்க சுக்கான் பிடிப்பீங்கன்னு நெனைக்கவே இல்ல, அதான் சொல்லல அண்ணி."

அவள் அவனைத் திட்டவில்லை. திட்டுவதற்கு நேரமும் இல்லை. படகின் பக்கப் பலகையில் தெரிந்த ஈரக்கோட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே அதற்குள் ஒரு விரல் அளவு இடைவெளி விழுந்திருந்தது.

இனி என்ன நடக்கும் என்பதை அவள் கண்ணால் பார்ப்பதுபோல அறிந்திருந்தாள். படகு மேட்டின் உச்சியில் உட்காரவில்லை, சரிவில் உட்கார்ந்திருக்கிறது. இடப்பக்கம் மேடு, வலப்பக்கம் கால்வாயின் பள்ளம். தண்ணீர் வற்ற வற்றப் படகு ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்தே தீரும். மேட்டுப் பக்கம் சாய்ந்தால் கொஞ்சம்தான் சாயும், திண்டில் சாய்ந்த மாதிரி படுத்துக்கொள்ளும். பள்ளத்துப் பக்கம் சாய்ந்தால் தாங்க அங்கே மண் இல்லை, மொத்தமாகக் கவிழ்ந்து படுக்கும். அறையின் கதவு அந்தப் பக்கம்தான். தண்ணீர் திரும்பி ஏறும்போது படகு நிமிர்வதற்கு முன் கதவு வழியாக உள்ளே நுழைந்துவிடும். அதன் பிறகு பெரியம்மா எழுந்திருக்காது. அந்த அறையில்தான் அவள் கணவன் படுத்திருக்கிறான்.

"டைல்ஸ் பெட்டிங்க எல்லாத்தையும் இடப்பக்கம் மாத்து" என்றாள்.

கொழுந்தன் டைல்ஸ் பெட்டிகளைத் தூக்கிப் போட்டான். உள்ளே உடையும் சத்தம் கேட்டது, நின்று பார்க்கவில்லை. டீசல் கேன்கள், சங்கிலி, சமையல் அடுப்பு எல்லாம் இடப்பக்கம் போயின. அவள் பின்னால் கட்டியிருந்த சின்னப் படகில் நங்கூரத்தை ஏற்றிக்கொண்டு மேட்டுக்குப் போய், முழங்கால் தண்ணீரில் நின்று அதை மண்ணில் புதைத்தாள். அதன் கயிற்றைச் சாமான் தூக்கும் கம்பத்தின் உச்சியில் கட்டிக் கப்பியால் இறுக்கினார்கள். உச்சியில் கட்டியதற்குக் காரணம் உண்டு. ஆளை அடியில் பிடித்து இழுப்பதைவிடத் தோளில் பிடித்து இழுத்தால் சீக்கிரம் சாய்வான்.

கணவனை இருவருமாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவன் முகம் வேர்த்திருந்தது. நடந்ததைத் தம்பி சொல்லி முடித்தான்.

"நீ சரியாத்தான்டா வச்சிருக்க" என்றான் அண்ணன். "நாந்தான் தப்பா வச்சிருந்தேன். இப்ப என்னை எங்க வைக்கப்போறீங்க?"

"இடப்பக்க விளிம்புல."

"சரி. இந்தத் தொந்திக்கு இன்னிக்காவது ஒரு வேலை கிடைச்சுது."

மூவரும் விளிம்பில் வரிசையாக, மேட்டைப் பார்த்து உட்கார்ந்தார்கள். அவனை மட்டும் கயிற்றால் கம்பியோடு கட்டினாள். தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. படகின் பலகைகள் ஒவ்வொன்றாக முனகின. ஒருதரம் முழுப் படகும் வலப்பக்கமாக, பள்ளத்தை நோக்கி, ஒரு சாண் அசைந்தது. கம்பத்து உச்சியில் கயிறு விறைத்தது. சமையல் பாத்திரம் ஒன்று உருண்டு போய்த் தண்ணீரில் விழுந்தது.

"பின்னாடி சாயாதீங்க" என்றாள் மெதுவாக. "முன்னாடி குனிங்க. இன்னும்."

கும்பிடுகிற மாதிரி மூவரும் மேட்டை நோக்கிக் குனிந்தார்கள். பெரியம்மா யோசித்தது. பிறகு, ஒரு பெருமூச்சுபோல, அவர்கள் பக்கமாக வந்து சாய்ந்தது. மணல் அதை வாங்கிக்கொண்டது.

கொழுந்தன் அழ ஆரம்பித்தான். "போடா லூசு" என்றான் அண்ணன். அவள் மட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடலை நோக்கி ஓடிக்கொண்டிருந்த நுரை நின்றுவிட்டிருந்தது. வற்றி முடிய இன்னும் வெகுநேரம் இருந்தது. நுரை நின்று, தயங்கி, உள்பக்கமாகத் திரும்பியது. அப்புறம்தான் காற்று வந்தது, முகத்துக்கு நேராக, ஈரமாக.

கடலிலிருந்து வீசும் காற்று தண்ணீரையும் தனக்கு முன்னால் தள்ளிக்கொண்டு வரும், அதனால்தான் நேரத்துக்கு முன்பே தண்ணீர் திரும்பியிருந்தது. தண்ணீர் வந்தால் படகு மிதக்கும் என்பது உண்மைதான். ஆனால் உட்கார்ந்திருப்பதற்கும் மிதப்பதற்கும் நடுவே ஒரு கெட்ட நேரம் இருக்கிறது. ஒவ்வோர் அலையும் படகைக் கொஞ்சம் தூக்கி மண்ணில் போடும். மணல் பார்க்கத்தான் மெத்தை, அத்தனை பாரத்தோடு அதன்மேல் விழுந்தால் அது கல். பலகை விட்டுக்கொடுத்தால் உள்ளே இருப்பவர் நீந்த வேண்டும். மாவுக்கட்டு நீந்தாது.

"ரெண்டு பேரும் சின்னப் படகுல அக்கரைக்குப் போங்க. இப்பவே."

"உன்னை விட்டுட்டா?" என்றான் கணவன்.

"நீங்க போங்க அண்ணி" என்றான் கொழுந்தன். "நான் நிக்கிறேன். என்னாலதானே இது."

"உங்கண்ணனைச் சேத்துல தூக்கிட்டு நடக்க என்னால முடியுமா? உன்னால முடியும். யாரால வந்துச்சுன்னு அப்புறம் பேசிக்கலாம். மிதக்கிறப்போ எஞ்சினைப் போட ஒரு ஆள் வேணும்."

கணவன் தன்னைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தான். கொழுந்தன் அவனைச் சின்னப் படகில் இறக்கினான்.

அவர்கள் கால்வாயைக் கடந்து அலையாத்தி மரங்களுக்கு நடுவே இறங்குவதையும், கொழுந்தன் அண்ணனை முதுகில் சுமந்து சேற்றில் ஏறுவதையும் அவள் பார்த்தாள். அதற்குள் வானம் இருண்டுவிட்டது. மேடு தண்ணீருக்குள் மறைந்துவிட்டது. படகு மண்ணில் மோதிய முதல் இடி அவள் குதிகாலில் தொடங்கிப் பற்களில் முடிந்தது. பிறகு இன்னொன்று. படகு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் அதிகமாக நிமிர்ந்து, கொஞ்சம் அதிக உயரத்திலிருந்து விழுந்தது. அடியில் எங்கோ மரம் பிளக்கும் சத்தம், எலும்பு முறிவதைப்போல, தெளிவாகக் கேட்டது.

அடுத்த இடிக்காக முழங்காலை மடக்கி நின்றாள். அது வரவில்லை. பெரியம்மா மிதந்தது. நங்கூரக் கயிற்றை வெட்டி எறிந்துவிட்டு எஞ்சினைப் போட்டாள். கீழே அறைக்குள் தண்ணீர் சலசலத்து ஓடியது, குழாயை மூட மறந்த வீட்டில் கேட்பதுபோல.

துறைமுகம் தூரம். அவ்வளவு தூரம் இந்தப் படகு தாங்காது. ஆழமான இடத்தில் மூழ்கினால் எடுக்க முடியாது, ஆழமில்லாத இடத்தில் மூழ்கினால் உட்காரத்தான் செய்யும். அவள் சுக்கானை அக்கரைப் பக்கம், அந்த இரண்டு பேர் நின்ற சேற்றுக்கரையை நோக்கி, முழுக்கத் திருப்பினாள். பெட்டி மூன்று காட்டியது. மழை கண்ணை மறைத்தது. காலடியில் பலகை நனைந்துகொண்டிருந்தது.

இரண்டு புள்ளி நான்கு. படகு பின்பக்கம் கனத்தது, சுக்கான் சொன்னதைத் தாமதமாகக் கேட்டது. இரண்டு. தண்ணீர் அவள் கணுக்காலைத் தொட்டது. அவள் எஞ்சினைக் கடைசிவரை தள்ளினாள். ஒன்று புள்ளி ஐந்து.

"குறையேன்" என்று எண்ணைப் பார்த்துக் கெஞ்சினாள். "குறைஞ்சு தொலையேன்."

ஒன்று. எஞ்சின் தண்ணீரில் இருமியது. பூஜ்யம் புள்ளி நான்கு. இருட்டில் யாரோ "அண்ணி, இந்தப் பக்கம்!" என்று கத்தினார்கள். அவள் அந்தக் குரலுக்கு நேராகப் படகை விட்டாள்.