தாடிக்கு அடியில் ஸோயி

ரூஸே நகரத்து நாணயச் சங்கம் மாதத்தின் முதல் ஞாயிறன்று வாசகசாலையின் மேல்மாடிக் கூடத்தில் கூடும். முப்பது பேர் வருவார்கள். அதில் ஸ்னெஜானா ஒருத்திதான் பெண். பல் செட் செய்வது அவள் தொழில். மற்றவர்கள் கண்ட ராஜாக்களையெல்லாம் வாங்கிக் குவித்தபோது, அவள் ஒரே ஓர் ஆட்சியின் காசைத்தான் பத்தொன்பது வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

அது பழைய பைசாந்தியப் பேரரசில் ஓர் அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து ஆண்ட ஆட்சி. எட்டு வயதுப் பையன் கான்ஸ்டன்டைனும் அவன் தாய் ஸோயியும் ஐந்து வருஷம் ஒன்றாக அரசாண்டார்கள். வெண்கலக் காசில் இருவரும் தோளோடு தோள் ஒட்டி நிற்பார்கள். பிறகு கடற்படைத் தளபதி ரோமானோஸ் வந்தான். அம்மாவை மடத்துக்கு அனுப்பிவிட்டுத் தானும் முடி சூட்டிக்கொண்டான். அவனுடைய தாடி முகம் போட்ட காசுகள் கூடை கூடையாகக் கிடைக்கும். அம்மா பிள்ளைக் காசு கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு.

ஸ்னெஜானாவிடம் அப்படிப் பதினொன்று இருந்தன. லியூபெனிடம் பன்னிரண்டு.

லியூபென் ரயில் ஓட்டி ஓய்வுபெற்றவர், எழுபது வயது. அந்த ஒரு காசு வித்தியாசத்தை வைத்து மூன்று வருஷமாக அவளை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா ஸ்னெஜானா, இன்னும் பதினொண்ணுதானா?" அந்த ஞாயிறும் கோட்டைக் கழற்றுவதற்கு முன்பே ஆரம்பித்தார். "போகட்டும் விடு. நம்ம நாட்டு சிமியோன் ராஜா அடிச்சு ஓடவிட்டது அந்த ஸோயி படையைத்தானே. தோத்தவ காசுக்கு ஏன் இவ்வளவு அலையறே?"

"நீங்க மட்டும் ஏண்ணே பன்னெண்டு வச்சிருக்கீங்க?"

"உன் வயித்தெரிச்சலைப் பாக்கத்தான்!"

கூடமே சிரித்தது. அவளும் சிரித்துவிட்டாள்.

ஷூமென் ஊரிலிருந்து வந்திருந்த வியாபாரி மானோல் ஒரு பிஸ்கட் டப்பாவை மேசையில் கவிழ்த்தான். எல்லாம் ரோமானோஸ். "எதை எடுத்தாலும் ஆறு லெவா," என்றான். லியூபென் விரலால் இரண்டைத் தள்ளிப் பார்த்தார். "தாடி, தாடி, எல்லாம் தாடி. சவரக்கடை வச்சிருக்கியா மானோல்?" என்று கேட்டுவிட்டுக் காபி குடிக்கப் போனார்.

ஸ்னெஜானா போகவில்லை. மெழுகில் பதிந்த பல் தடத்தைத் தடவியே மேல்பல் கீழ்ப்பல் பொருந்துகிறதா என்று சொல்லும் விரல்கள் அவளுடையவை. ஒரு காசைத் தொட்டதும் விரல் நின்றது. தாடிக்குக் கீழே, இருக்கக் கூடாத இடத்தில் ஏதோ மேடு. திருப்பினாள். பின்பக்கத்து எழுத்து வரிகளுக்குக் குறுக்கே, வேறு ஏதோ எழுத்துகள் மெலிதாக ஓடின.

அவள் சத்தம் காட்டாமல் ஆறு லெவாவைக் கொடுத்தாள். ஜன்னலோரம் போய் வெயில் பக்கவாட்டில் விழும்படி காசைச் சாய்த்துப் பிடித்தாள். ஒரு கிரீடத்தின் விளிம்பும், அதிலிருந்து காதோரம் தொங்கும் முத்துச்சரமும் தெரிந்தன. பின்பக்கத்தில் மூன்று கிரேக்க எழுத்து: ஸோயி.

புதுத் தகடு வார்க்கச் சோம்பல்பட்டு, அம்மா பிள்ளைக் காசின் மேலேயே தன் முகத்தை அடித்திருக்கிறான் ரோமானோஸ். அடித்தும் அவள் முழுதாக அழியவில்லை.

"இருக்கா!" என்று ஸ்னெஜானா போட்ட கூச்சலில் யாரோ பூதக்கண்ணாடியைக் கீழே போட்டார்கள். "உள்ளே இருக்கா! ஸோயி உள்ளே இருக்கா!"

எல்லோரும் ஜன்னலுக்கு ஓடி வந்தார்கள். காபிக் கோப்பையோடு லியூபெனும் வந்தார்.

"இது ரோமானோஸ் காசும்மா. மேலே யார் முகமோ, அவன் கணக்குத்தான்."

"வீட்டுக்கு வேற வர்ணம் அடிச்சா வீடு மாறிடுமாண்ணே?"

"இங்கே ஆளே மாறிட்டான்!"

ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொண்டு கத்தினார்கள். மானோல் மட்டும், "ஐயோ, ஆறு லெவாவுக்குக் குடுத்துட்டேனே," என்று தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். கடைசியில் சங்கத் தலைவர், மருந்துக்கடை டோச்சோ, மேசையைத் தட்டினார். "வாக்கெடுப்பு வச்சிடுவோம். இதை ஸோயி காசுன்னு ஒத்துக்கறவங்க கை தூக்குங்க."

யாரும் தூக்கவில்லை. எல்லோரும் லியூபெனைத்தான் பார்த்தார்கள். அவர் ஸ்னெஜானாவிடம் கையை நீட்டினார். அவள் காசை அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் வெயிலில் சாய்த்துப் பார்த்தார். முத்துச்சரம் பளிச்சிட்டிருக்க வேண்டும். வாய் லேசாகத் திறந்தது.

"ஆயிரம் வருஷமா இந்தத் தடியனைத் தலையில சுமந்துக்கிட்டு இருந்திருக்கா, பாவம்," என்றார் மெதுவாக. பிறகு கையைத் தூக்கினார். கூடம் முழுக்கக் கைகள் எழுந்தன.

ஸ்னெஜானா அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு இரு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். "பன்னெண்டுக்குப் பன்னெண்டு, அண்ணே!"

அவர் கேட்டதாகத் தெரியவில்லை. நெற்றியைச் சுருக்கி எதையோ யோசித்தார். திடீரென்று, "அட கடவுளே!" என்று கோட்டை எடுத்துக்கொண்டு படியில் தடதடவென்று இறங்கினார். அரைமணி நேரத்தில் மூச்சிரைக்கத் திரும்பி வந்தவர் கையில் ஒரு ஊறுகாய் ஜாடி. அதில் நாற்பது ரோமானோஸ் காசுகள். பேத்தியோடு கட்டம் விளையாடும்போது காயாக வைத்துக்கொண்டிருந்தவை.

"தடவிப் பாரும்மா! உன் விரலுக்குத்தான் தெரியுது."

ஸ்னெஜானா ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தடவினாள். லியூபென் பக்கத்தில் நாற்காலி போட்டு, அவள் தள்ளியதையெல்லாம் நம்பாமல் தானும் ஒருமுறை பூதக்கண்ணாடியில் பார்த்தார். டோச்சோவின் மனைவி, பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனீத்ஸாப் பலகாரம் கொடுத்தனுப்பியிருந்தாள். இருவரும் அதைத் தொடவில்லை. முப்பத்தோராவது காசில் அவள் விரல் நின்றது.

"அண்ணே," என்றாள்.

அதில் பையனின் முகம் பாதி தெரிந்தது: தாடியில்லாத, உப்பிய கன்னம்.

லியூபென் எழுந்து நின்று, ரயில் புறப்படும்போது ஊதுவதுபோல இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தார். தெருவில் போனவர்கள் நின்று மேலே பார்த்தார்கள்.

"பதிமூணு!" என்று ஜன்னல் வழியே அவர்களுக்கும் அறிவித்தார்.