மஞ்ச வெந்தயத்தின் இனிஷியல்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதில்லை. கோவையிலிருந்து ஒரு பெண் ஃபோனில் கொடுத்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்தவர் சரக்கில் எங்கள் லேபிளைத் தைத்து விற்கும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை.

அவள் பெயர் சுபஸ்ரீ. ஒரு கல்லூரியில் தாவரவியல் ஆராய்ச்சி செய்கிறாள். அந்தக் கல்லூரி மாணவிகள் பல வருடங்களாகச் செடிகளை உலர்த்தித் தாளில் ஒட்டிக் கொடுத்தவற்றை அலமாரியிலிருந்து எடுத்து, படம்பிடித்து, இணையத்தில் ஏற்றுகிறார்களாம். ஒரு தாளில், செடி கிடைத்த இடம் 'மயில் பனியன் கம்பெனி பின்புறம், திருப்பூர்' என்று இருந்திருக்கிறது. கம்பெனி பெயரைப் பிடித்து என் எண்ணையும் பிடித்துவிட்டாள்.

"சேகரிச்சவங்க பேரு எஸ். மயிலாள்னு இருக்குதுங்க ஐயா. அந்த எஸ் என்னன்னு தெரியலைங்க. முழுப் பேரோட ஏத்தணும். வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுவீங்களா?"

விசாரித்துச் சொல்வதாகச் சொன்னேன். விசாரிக்க ஒன்றுமில்லை. (மயிலாள் என் தங்கை. நாற்பது வருடத்துக்கு மேலாக எங்கள் வீட்டில் அவளைப் பற்றிப் பேச்சில்லை.) அடைப்புக்குறிக்குள் போட்டதற்கு வாசகர் பொறுத்துக்கொள்ள வேண்டும். வெளியே எழுத இன்னும் கை வரவில்லை.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

'சென்னிமலையில் தறியை விட்டு, திருப்பூருக்கு வந்து, முருகன் அருளால் மயில் பனியன் கம்பெனியை நிறுவிய அமரர் சென்னியப்பன் அவர்கள்'

அமரர் என் தந்தை. மூன்று பக்கம் போயும் செடி வரவில்லை. நான் கையால் எழுதுவதை என் மருமகள், மகன் நிதிஷின் மனைவி வினிதா கம்ப்யூட்டரில் அடித்துத் தருகிறாள். ஏற்றுமதிக் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருப்பவள். குற்றம் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள். "மாமா, இது பொங்கல் காலண்டருக்குப் பின்னாடி போடலாமுங்க" என்றாள்.

இரண்டாவது தொடக்கம்: 'மயிலாள் இறந்து முப்பது வருடமாகிறது.'

இந்த வாக்கியத்தை எழுதியபோது எனக்கு ஒரு நிம்மதி வந்தது என்பதை மறைக்கவில்லை. இறந்துபோன தங்கையை வைத்து மரியாதையாக ஒரு கதை எழுதிவிடலாம். வினிதா அடித்துக்கொண்டே, இவர் யார் என்று கேட்டாள். கற்பனை என்றேன். அவள் தன் ஃபோனை எடுத்து நீட்டினாள். சுபஸ்ரீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம்; படம் அனுப்ப வினிதாவின் எண்ணைத்தான் கொடுத்திருந்தேன். பழுப்பேறிய தாள், காய்ந்த செடி, கீழே ஒரு சீட்டில் அதே பெயர்.

"நிதிஷோட அத்தை" என்றேன். "செத்ததுதான் கற்பனை."

அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டாள். "அவருக்கு ஒரு அத்தை இருக்காங்கன்னு எனக்கு இன்னைக்குத்தானுங்க மாமா தெரியும்."

"நிதிஷுக்கே தெரியாது. தெரியாமத்தான் வெச்சிருந்தோம்."

ஆகவே மூன்றாவது தொடக்கம். இதைக் கோடு போட்டு அடிக்காமல் விடுகிறேன்.

3

1983 ஐப்பசியில் லூதியானாவிலிருந்து எங்களுக்கு ஒரு பின்னல் மெஷின் வந்தது. மரப்பெட்டிக்குள் மெஷின் ஆடாமலிருக்க வைக்கோலைத் திணித்திருந்தார்கள். கோதுமை வைக்கோல். நம் பக்கத்து வைக்கோலைவிட வெளுப்பு. பெட்டியைப் பிரித்து அதைப் பின்பக்கம் கொட்டினோம். மழை பெய்தது. பத்துப் பதினைந்து நாளில் அங்கே வெந்தயக் கீரை மாதிரி ஒன்று முளைத்தது. காம்புக்கு மூன்று இலை. கைமடிக்கும் பெண்கள்* அதைப் பறித்துக் கசக்கி முகர்ந்து பார்த்தார்கள். வெந்தயம்தான், ஆனால் வெந்தயமும் இல்லை என்று முடிவுசெய்து, மஞ்ச வெந்தயம் என்று பேர் வைத்தார்கள். பூ வருவதற்கு முன்பே அதை மஞ்சள் என்று எப்படிச் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. ஒருவேளை பேர் பிறகுதான் வந்ததோ என்னவோ. நினைவு இந்த இடத்தில் தையல் விட்டிருக்கிறது.

(*பனியனை மடித்து அட்டைப்பெட்டியில் அடுக்குகிறவர்கள். அவர்கள் சிரிப்புச் சத்தம் மெஷின் சத்தத்துக்கு மேலே கேட்கும். அதை இன்னொரு தரம் கேட்கக் கொடுத்துவைக்கவில்லை. இப்போது எல்லோர் காதிலும் ஃபோன் ஒயர்.)

மயிலாள் அப்போது பி.எஸ்ஸி. தாவரவியல், கடைசி வருடம். பரீட்சைக்கு முப்பது செடி ஒட்டிக் கொடுக்க வேண்டும். இருபத்தொன்பது முடித்திருந்தாள். இதைப் பார்த்தவுடன் சுற்றிலும் நான்கு செங்கல்லை நட்டு, யாரும் கை வைக்கக் கூடாது, பூக்கட்டும், பூ இல்லாமல் இன்னதென்று சொல்ல முடியாது என்று உத்தரவு போட்டாள்.

பூப்பதற்குள், கார்த்திகையில், எங்கள் கம்பெனியிலேயே கட்டிங் மாஸ்டராக இருந்த சோணைமுத்துவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அவர் சிவகங்கைப் பக்கத்துக்காரர். வேலையில் ஒரு நூல் பிசகாது. அவரைப் பற்றிக் குறை சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை, அன்றும் இல்லை. ஆனால் எங்கள் வீட்டுப் பெண் கேட்காமல் போனாள். அப்பா மூன்று நாள் சாப்பிடவில்லை. நான்காம் நாள், இனி அவள் காலடி இந்த எல்லைக்குள் படக்கூடாது என்று எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார். அவரைக் கொடுமைக்காரராக எழுதச் சொன்னால் எழுதமாட்டேன். கம்பெனிக்கு மயில் என்று பெயர் வைத்ததே மகளுக்காகத்தான். பனியன் மொத்த வியாபாரம் நடக்கும் காதர்பேட்டையில் அந்தப் பெயருக்கு மதிப்பு வந்துவிட்டது, மாற்ற முடியவில்லை. அதன் பிறகு யார் கேட்டாலும், "முருகனோட மயிலுங்க" என்பார். பெயர் அப்படியே இருந்தது. காரணத்தை மட்டும் மாற்றிக்கொண்டார்.

4

புதன்கிழமை சுபஸ்ரீ மறுபடி அழைத்தாள். செடியின் பெயர் தவறாம்.

சீட்டில் மெலிலோட்டஸ் அஃபிசினாலிஸ் என்று இருக்கிறது. கல்லூரி ஆசிரியை சொன்ன பெயர். முதல் பாதி, தேனுக்கும் 'லோட்டஸ்' என்ற ஒரு பழைய செடிக்குமான இரண்டு கிரேக்கச் சொற்கள் சேர்ந்தது. இரண்டாம் பாதிக்கு, மருந்துக்கடையில் வைத்திருக்கும் சரக்கு என்று பொருள். அந்தச் செடியின் பூ ஐந்தாறு மில்லிமீட்டர் இருக்கும். எங்களுடையது மூன்றுகூட இல்லையாம். எனவே இது மெலிலோட்டஸ் இண்டிகஸ். வடக்கே கோதுமைக் காட்டில் களையாக வருவது.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் இடத்தில் முளைத்ததை மருந்து என்று எழுதியிருக்க, நாற்பது வருடம் கழித்துக் களை என்கிறாள். பழைய சீட்டைக் கிழித்துவிடுவீர்களா என்று கேட்டேன்.

"ஐயோ, கிழிக்கவே கூடாதுங்க ஐயா. பழசு அப்படியே இருக்கும். பக்கத்துல புதுச் சீட்டு ஒண்ணு ஒட்டுவோம், தேதி போட்டு. தப்பா இருந்தாலும் அந்தப் பேரு அந்தத் தாள்ல இருந்துதுன்னு தெரியோணுமில்லீங்களா?"

பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் 'எல்' என்று ஓர் எழுத்து இருக்கிறதே, அது என்ன என்று கேட்டேன். அது லின்னேயஸ் என்பவரின் இனிஷியல் என்றாள். அவர் முதலில் இந்தச் செடிகளை டிரைஃபோலியம் என்ற மூவிலைப் பேரினத்தில் வைத்தார்.

"பேரினம்னா ஊடு மாதிரின்னு வெச்சுக்கங்க. பின்னாடி வந்தவங்க, இல்லை, இது அந்த ஊடு இல்லைன்னு மெலிலோட்டஸுக்கு மாத்திட்டாங்க. மாத்துனவரு பேரு வெளிய இருக்கும். மொதல்ல பேரு வெச்சவரு அடைப்புக்குறிக்குள்ள போயிடுவாரு. ஆனா அவரை எடுக்க முடியாதுங்க."

"யாரு போட்ட சட்டம்?"

"ஒலகத்துக்கே அதாங்க சட்டம்."

மருந்துச் செடியை மாற்றியவர் யார் என்பதில் இரண்டு கட்சி உண்டாம். ஒரு நூலில் ஒரு பெயர், இன்னொன்றில் வேறொன்று. அடைப்புக்குறிக்குள் இருப்பவரைப் பற்றித்தான் சண்டையே இல்லை.

பேச்சு எங்கே போகிறது என்று வாசகருக்குப் புரிந்திருக்கும். எனக்கும் புரிந்தது. சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

5

மேலே உள்ள நான்கு பகுதிகளையும் அடித்து முடித்த வினிதா, ஒரு இடம் உதைக்கிறது என்றாள்.

"கல்யாணம் எண்பத்திமூணு கார்த்திகைங்கறீங்க. ஷீட்ல தேதி எண்பத்திநாலு மார்ச் பதினொண்ணுங்க. எல்லைக்குள்ள கால் வைக்கலைன்னு எழுதியிருக்கீங்க. அப்பப் பூவை யாருங்க பறிச்சது?"

கால் வைக்கக் கூடாது என்று அப்பா சொன்னதாகத்தான் எழுதியிருந்தேன் என்று வாதாடிப் பார்த்தேன். அவள் அசையவில்லை. எழுத உட்கார்ந்தேன்.

'அன்று அப்பா காதர்பேட்டைக்குப் போயிருந்த'

'மார்ச் மாத வெயிலில் யாரும் அறியாமல் அவள்'

'மதில் ஏறிக் குதித்து வந்த மயிலாள், நான்கு செங்கல்லுக்கு நடுவே மஞ்சளாக'

"மதிலு எத்தனை அடிங்க மாமா?"

"எட்டு."

"அவங்க சேலையா, தாவணியா?"

"சேலைதான்."

"சேலை கட்டிட்டு எட்டடி. ம்."

இந்த மூன்று வாக்கியங்களையும் கோடு போட்டு அடிக்காமல் விட்டிருக்கிறேன். பழைய சீட்டைக் கிழிக்கக் கூடாதாமே.

நடந்தது இது. பின்கதவைத் தட்டினாள். நான் திறந்தேன். அவ்வளவுதான். அப்பா உயிரோடிருந்தவரை அவரிடம் சொல்லவில்லை. என் மனைவியிடம் சொல்லவில்லை. பங்காளிகள் முன்னால், அவள் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை என்று எத்தனையோ தரம் கம்பீரமாகச் சொல்லியிருக்கிறேன். அவள் அரைமணி நேரம் இருந்தாள். பூவோடு ஒரு கிளையைக் கத்தரித்தாள். பழைய பேப்பரில் இலைகளை ஒவ்வொன்றாக விரித்து வைத்தாள். காய்ந்த பிறகு அந்தப் பேப்பரில் புதுவைக்கோல் வாசம் வந்தது. எனக்கெப்படித் தெரியும் என்றால், பத்து நாள் அதை என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் நான்தான் அழுத்தி வைத்திருந்தேன்.

6

வியாழக்கிழமை மத்தியானம் வினிதா மயிலாளின் எண்ணை எழுதிக் கொண்டுவந்து வைத்தாள். மயிலாளின் மகள் நதியா முதலிபாளையத்தில் ஒரு கம்பெனியில் தர ஆய்வாளராம். ஒரே தொழில், இரண்டு ஃபோனில் கிடைத்துவிட்டது. நாற்பது வருடம் இருந்த தூரம் இரண்டு ஃபோன்தான்.

இந்த உரையாடலை அழகாக எழுத முடியும். நடந்தபடி எழுதுகிறேன்.

"யாருங்க?" என்றாள் மயிலாள்.

"மயில் பனியன் நாச்சிமுத்து பேசறேன்" என்றேன். சொந்தத் தங்கையிடம், வியாபாரிக்குச் சொல்வதுபோல. வேறெப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

"சொல்லுங்கண்ணா" என்றாள்.

செடியைப் பற்றிச் சொன்னேன். பெயர் மாறிவிட்டது என்றதும் சிரித்தாள். "பூ சிறுசா இருக்குது, இது வேறயின்னு நான் அப்பவே சொன்னேனுங்கண்ணா. ஸ்கேல் வெச்சு அளந்து காட்டினேன். மேடம்தான் கேக்கல." மற்ற இருபத்தொன்பது தாளும் என்ன ஆயிற்று என்று கேட்டாள். பூச்சி அரித்துவிட்டதாக சுபஸ்ரீ சொன்னதைச் சொன்னேன். "எல்லாம் போயி களைதான் நின்னிருக்குது" என்றாள்.

அப்புறம், "அவரு போயி ஆறு வருசமாச்சுங்கண்ணா" என்றாள்.

சோணைமுத்து இறந்தது எனக்குத் தெரியும். அன்றே காதர்பேட்டையில் கேள்விப்பட்டேன். கடையிலிருந்து நேரே வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஏன் இந்நேரத்தில் குளித்தீர்கள் என்று மனைவி கேட்டதற்கு, புழுதி என்றேன். இதையெல்லாம் மயிலாளிடம் சொல்லவில்லை. "ஆமா" என்று மட்டும் சொன்னேன். பிறகு கேட்க வந்ததைக் கேட்டேன். அந்த எஸ், அப்பா பேரா, அவர் பேரா?

"என்னைக் கேட்டா? எழுதுனது நீங்கதானுங்களே. எழுதறப்ப என்ன நெனச்சீங்களோ, அதுதானுங்க."

7

வாசகரிடம் இதை மட்டும் முதல் ஐந்து பகுதியிலும் மறைத்துவந்தேன். சீட்டில் இருப்பது என் கையெழுத்து. மூட்டைகளுக்கு முகவரி எழுதி எழுதி என் ஆங்கில எழுத்து அச்சுப்போல இருக்கும். அவளுடைய இருபத்தொன்பது தாளுக்கும் நான்தான் எழுதினேன். 'எஸ். மயிலாள்' என்று எழுதும்போது இருபத்தொன்பது தரமும் யோசித்ததில்லை. முப்பதாவது தரம், செடி காய்ந்து அவள் வாங்க வந்தபோது, எஸ் போட்டுப் புள்ளி வைத்ததும் பேனா நின்றுவிட்டது. தமிழில் என்றால் 'செ'யா 'சோ'வா என்று அங்கேயே முடிவாகியிருக்கும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் அதே எழுத்து. அவள் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மீதியை எழுதிக் கொடுத்தேன். அந்த நிமிடம் நான் என்ன நினைத்தேன் என்று எனக்கு ஞாபகமில்லை. இது சத்தியம்.

இன்று வெள்ளிக்கிழமை. சுபஸ்ரீ அனுப்பிய படிவம் திரையில் இருக்கிறது. முடிவுகள் என்னிடம் மூன்று இருக்கின்றன.

சென்னியப்பன் என்று போடலாம். அப்பாவிடம் அவளைத் திருப்பிக் கொடுத்ததாகும். இறந்துபோன அவள் கணவரிடமிருந்து பிடுங்கியதாகவும் ஆகும். அவர் சாவுக்கும் போகாத நான் அதைச் செய்யக் கூடாது.

சோணைமுத்து என்று போடலாம். அது அவர் வீட்டு உரிமை. ஆனால் நான்கு செங்கல் நட்டபோது அவள் சென்னியப்பன் மகள்.

மூன்றாவது, வினிதா சொன்னது. அப்பா பெயரை அடைப்புக்குறிக்குள்ளும் கணவர் பெயரை வெளியிலும் போட்டுவிடுவது, செடிக்குப் போடுவதுபோல. கேட்க நன்றாக இருந்தது. என் தங்கை செடியில்லை என்றேன். "கதைக்கு நல்லா இருக்குமுங்க மாமா" என்றாள். அதனால்தான் வேண்டாம் என்றேன்.

காலியாக விட்டால் படிவம் போகாதாம். அந்த இடத்தில் சிவப்பு நட்சத்திரம் இருக்கிறது. சீட்டில் உள்ளபடியே 'எஸ். மயிலாள்' என்று அடிக்கச் சொன்னேன். ஏற்றுக்கொண்டது.

கீழே இன்னும் இரண்டு கட்டம் இருந்தது. அவற்றைக் காலியாக விடலாம். நட்சத்திரம் இல்லை. சீட்டு எழுதியவர் யார் என்று தெரிந்தால் குறிப்பிடவும் என்றிருந்த இடத்தில் என் பெயரை இனிஷியல் விரித்து, 'சென்னியப்பன் நாச்சிமுத்து' என்று போடச் சொன்னேன். சேகரித்தவருக்கு என்ன உறவு என்றிருந்த இடத்தில் வினிதா நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பங்காளிகள் எல்லோரும் இணையம் பார்க்கிறவர்கள். தேதியும் அங்கேயே இருக்கிறது; கல்யாணத்துக்குப் பிறகு அவள் வந்ததை அதுவே சொல்லிவிடும்.

"அண்ணன்னு போடு."

போட்டாள். மயிலாளின் எஸ்-ஐ நான் விரிக்கவில்லை. என் பெயர் கீழே விரிந்து இருக்கிறது, உறவும் இருக்கிறது, அவள் கணவர் பெயரை இந்தக் கதையில் மேலே சொல்லியாயிற்று. வாசகர்தான் படித்துக்கொள்ள வேண்டும்.

"அனுப்பட்டுங்களா மாமா?" என்றாள் வினிதா.