முதல் கேள்விக்கு என்ன விலை?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மேற்கு மாம்பலத்து மொட்டை மாடி ஒன்றில், காய்ந்துகொண்டிருந்த வேட்டிகளைக் கொடியின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, தண்ணீர்த் தொட்டிக் குழாயில் கைப்பேசியை ரப்பர் பேண்டால் கட்டியாகிவிட்டது. இனி ஒரு மணி நேரம் 'கேலரிக் கச்சேரி' நேரலை. மின்சார ரயில் போகும்போது மட்டும் பேச்சை நிறுத்த வேண்டும். ரயில் சத்தத்தில் யார் என்ன சொன்னாலும் பார்ப்பவர்கள் காதில் விழாது.

கச்சேரி நடத்துபவர்கள் இரண்டு பேர். ஸ்ரீவத்சன் மயிலாப்பூரில் பிறந்து, தியாகராய நகர் ஆடிட்டர் ஆபீஸ் ஒன்றில் கணக்குப் பார்ப்பவன். பிரபு நொச்சிக்குப்பத்துக்காரன், மீன் லோடு ஆட்டோ ஓட்டுபவன். இருவரையும் சேர்த்து வைத்தது வங்கக்கடல் எஃப்.சி. என்ற கால்பந்துக் கிளப். கேலரியில் பிரபு டிரம் அடிப்பான், ஸ்ரீவத்சன் தொண்டை கிழியக் கத்துவான். அந்தச் சிநேகம் வளர்ந்து யூடியூப் சேனலாகிவிட்டது.

"கிளப் நஷ்டத்துல ஓடறதுன்னு அழறா," என்றான் ஸ்ரீவத்சன். "பேலன்ஸ் ஷீட்டைப் பாருங்கோ. ஆலோசனைக் கட்டணம்னு ஒரு வரி வரும். யாருக்குப் போறது அந்தப் பணம்? முதலாளியோட மச்சினர் கம்பெனிக்கு! இந்தப் பையிலேர்ந்து அந்தப் பைக்குப் போட்டுண்டு, நஷ்டம்னா யார் நம்பறது?"

"லீக்கு எப்ப ஸ்டார்ட்டுனே எவனுக்கும் தெரில நைனா," என்றான் பிரபு. "கமிட்டின்றான், மீட்டிங்குன்றான். யார்யா நடத்தறதுன்னு கேட்டா ஒருத்தன் இன்னொருத்தன கை காட்றான். டிவில இத்தப் பத்தி ஒரு வார்த்த வருதா? கிரிக்கெட்காரன் தும்முனா அர மணி நேரம் பேசறான். நம்ம லீக்கு படுத்துக்கினு கீது, கீழ ஓடற வரில கூட காணோம்."

"ஏன் காணோம்? அங்கதான் சூட்சுமம். கவர்!" ஸ்ரீவத்சன் கண்ணடித்தான். "பிரஸ் மீட் முடிஞ்சதும் ஆளுக்கொரு பை குடுப்பா. பைக்குள்ள கவர். அதை வாங்கிண்டு போறவா என்னத்த எழுதுவா? தினப் பத்திரிகையில விளையாட்டுப் பக்கம் பாக்கறாரே ஹபீபுர் ரஹ்மான், அவர் நம்ம கிளப்பைப் பத்தி எழுதறதே எட்டு வரி. எட்டு வரிக்கு எத்தனை கவரோ, பகவானுக்குத்தான் வெளிச்சம்."

திரையில் சிரிப்புப் பொம்மைகள் குவிந்தன. ரஹ்மான் கவர் வாங்கியதை யாரும் பார்த்ததில்லை. பார்க்காவிட்டால் என்ன, சந்தேகப்படுவதற்குச் சாட்சி தேவையா? ஊரில் உள்ள அத்தனை பேரையும் சந்தேகப்பட்டால் நாம் மட்டும் உத்தமர் என்று ஆகிவிடுகிறது. அதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது.

பிரபு சிரிக்கவில்லை. நேரலை முடிந்து கைப்பேசியை அவிழ்க்கும்போது மெதுவாகக் கேட்டான்.

"அத்தெல்லாம் கெடக்கட்டும். எந்தங்கச்சி மேட்டர் இன்னாச்சு?"

பிரபுவின் தங்கை அன்புச்செல்வி அதே கிளப்பின் பெண்கள் அணியில் ஆடுகிறவள். கிளப்புக்காக ஆடும்போது வலது முழங்காலில் தசைநார் கிழிந்துவிட்டது. சிகிச்சை கிளப் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட்டால் மறுபடி ஓட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கிளப்போ, "லீக் என்ன ஆகுதுன்னு தெரியட்டும், பாக்கலாம்" என்று இழுத்தடித்தது. சம்பாதிப்பது பழைய கடனின் வட்டிக்கே பத்தாத நிலையில் அந்தக் குடும்பம் கிளப்பைத்தான் நம்பியிருந்தது.

"அடுத்த பிரஸ் மீட்ல நானே கேக்கறேன்," என்றான் ஸ்ரீவத்சன். "முதல் கேள்வியே நம்மளுதுதானே!"

அது உண்மைதான். வங்கக்கடல் கிளப்பின் பத்திரிகையாளர் சந்திப்பில் முன்வரிசை நடு நாற்காலி ஸ்ரீவத்சனுடையது. கழுத்தில் நீல நாடாவோடு அட்டை உண்டு. முதல் கேள்வி அவனுக்குத்தான். சேனல் கொஞ்சம் பிரபலமானதும் கிளப்பின் மீடியா மேனேஜர் கருணாகரன் அவனைத் தேடி வந்து கொடுத்த மரியாதை அது. அதற்கு முன் அவர் நீட்டிய பையை ஸ்ரீவத்சன் முகத்துக்கு நேரே மறுத்திருந்தான். தீபாவளி இனிப்புப் பெட்டியைக்கூடத் திருப்பி அனுப்பினான். கருணாகரன் கோபித்துக்கொள்ளவில்லை. எந்தக் கதவு எந்தச் சாவிக்குத் திறக்கும் என்று தெரிந்தவர் அவர்.

செவ்வாய்க்கிழமை கருணாகரன் போன் செய்தார்.

"சார், நாளைக்கு என்ன கேக்கப் போறீங்க? முன்னாடியே சொல்லிட்டா தலைவர் பதிலோட வருவாரு, அதுக்குத்தான்."

"அன்புச்செல்வி ஆபரேஷன் என்னாச்சுன்னு கேக்கப் போறேன்."

கருணாகரன் குரல் தேனாக வந்தது.

"கேளுங்க சார், தாராளமா கேளுங்க. ஆனா ஒரு பொண்ணோட உடம்பு விஷயம், சபையில பேர் சொல்லிக் கேட்டா அசிங்கமா இருக்குமோன்னு பாக்கறேன். வீரர்கள் நலனுக்கு என்ன செய்றீங்கன்னு பொதுவா கேட்டா அதுல இதுவும் அடங்கிடும். நீங்க பொறுப்பானவர், உங்களுக்குத் தெரியாததா?"

பொறுப்பானவர்! ஆபீஸில் அவனை யாரும் அப்படிச் சொன்னதில்லை. ஸ்ரீவத்சன் கேள்வியைப் பொதுவாக்கினான். மறுநாள் அடையாற்றில் உள்ள கிளப் அலுவலகத்தில் அதைக் கம்பீரமாகக் கேட்டான். வீரர்கள் எங்கள் பிள்ளைகள் மாதிரி என்று கிளப் தலைவர் ஆரம்பித்து, தன் பள்ளிக்கூட நாட்களில் பந்து உதைத்தது வரை போனார். முடித்தபோது நேரம் ஆகிவிட்டது என்று எழுந்துவிட்டார்கள்.

நொச்சிக்குப்பத்தில் அண்ணனும் தங்கையும் அதைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்புச்செல்வி ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பிரபு உடனே போன் போட்டான்.

"எவ்ளோ வாங்கின?"

"என்னது?"

"கவர்ல எவ்ளோ இருந்துச்சுன்னு கேக்கறேன். பேரச் சொல்லிக் கேக்கறேன்னு சொன்ன. அங்க போயி இன்னா கேட்ட? புள்ளைங்க மாதிரி பாத்துக்கறானாம்! எந்தங்கச்சி மொயங்கால்ல கட்டு போட்டுக்கினு ஊட்ல கெடக்கறா."

"பிரபு, வார்த்தையை அளந்து பேசு. ஒரு பைசா வாங்கியிருப்பேனா நான்? என்னைப் பத்தித் தெரியாதா நோக்கு?"

"தெரிஞ்சதாலதான் கேக்கறேன். எட்டு வரி எழுதறவன் கவர் வாங்கினான்னு நீதான சொன்ன? ஒன்னோட கேள்வி ஒரு வரிதான், அதுக்கு எவ்ளோ?"

பிரபு வைத்துவிட்டான். அடுத்த ஞாயிறு மொட்டை மாடியில் கச்சேரி இல்லை. ஸ்ரீவத்சன் உள்ளுக்குள் கொதித்தான். இனிப்புப் பெட்டியைத் திருப்பி அனுப்பியவன் மேலேயே சந்தேகமா? யாரோ பிரபுவைத் தூண்டிவிட்டிருக்க வேண்டும். ஒருவேளை அந்த ரஹ்மானாக இருக்கும் என்றுகூட நினைத்தான். தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்.

லீக் பற்றி முக்கிய அறிவிப்பு என்று கிளப் மறுபடி கூட்டம் போட்டது. அன்றைக்கும் ஸ்ரீவத்சன் கேள்வியை முந்தின நாளே அனுப்பிவிட்டான். ஆனால் ஆபீஸிலிருந்து கிளம்பியவன் ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டான். பாண்டி பஜாரில் பஸ் நகரவே இல்லை. அடையாறு போய்ச் சேர்ந்தபோது கூட்டம் தொடங்கி, முன்வரிசை நிரம்பியிருந்தது. வேறு வழியில்லாமல் கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரோரமாக நின்றான்.

மேடையில் கருணாகரன் மைக்கைப் பிடித்தார். ஸ்ரீவத்சன் வந்ததை அவர் பார்க்கவில்லை.

"ரசிகர்கள் சார்புல வழக்கமா ஸ்ரீவத்சன் சார் முதல் கேள்வி கேப்பாரு. இன்னைக்கு வர முடியல போல. அவர் கேள்வியை நானே படிச்சிடறேன்."

படித்தார். சொல்லுக்குச் சொல் அவன் அனுப்பியதுதான். தலைவர் புன்னகையோடு நீளமாகப் பதில் சொல்லத் தொடங்கினார். ஸ்ரீவத்சன் சுவரில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். தான் இல்லாமலே தன் கேள்வி நடக்கிறது. அப்படியானால் அந்த நாற்காலியில் இத்தனை நாளாக உட்கார்ந்திருந்தது எதற்கு?

அப்போதுதான் அந்தக் கையைப் பார்த்தான். கடைசி வரிசையில் ஒருவர் கையைத் தூக்கியபடி உட்கார்ந்திருந்தார். கருணாகரனின் பார்வை வரிசை வரிசையாக வந்து, அந்தக் கையை மட்டும் தாண்டிப் போயிற்று. கை வலித்ததோ என்னவோ, மற்றக் கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டு அவர் மறுபடி தூக்கினார். ஹபீபுர் ரஹ்மான்.

ஸ்ரீவத்சன் குனிந்து மெல்லக் கேட்டான். "இன்னும் உங்களைக் கூப்பிடலையா?"

ரஹ்மான் திரும்பிப் பார்த்தார். யாரென்று தெரிந்ததும் முகம் இறுகியது. "என்னிக்குக் கூப்பிட்டாங்க? நீங்க முன்னாடி உக்காந்திருப்பீங்க, பின்னாடி யார் கை தூக்கறாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? உங்க கேள்வி முடிஞ்சா டைம் முடிஞ்சிரும்."

"என்ன கேக்கணும் நீங்க?"

"அந்தப் பொண்ணு அன்புச்செல்வி மூட்டு விஷயம். எழுதி வச்சிருக்கேன். கிளப்போட பதில் இல்லாம போட முடியாதுன்னு ஆபீஸ்ல வெட்டிடறாங்க. போன் பண்ணா இவங்க எடுக்கறதில்ல. கடைசியில மிச்சம் எட்டு வரிதான் வருது. அதுக்கும் கவர் வாங்கினேன்னு நீங்க மாடியில நின்னு பேசறீங்க. எம்பொண்ணு பாத்துட்டு வந்து, வாப்பா நெஜமான்னு கேக்குது."

ஸ்ரீவத்சன் கூனிக் குறுகிப் போனான். ரஹ்மானுக்கு வாய் இருந்தது, நேரம் கொடுக்கப்படவில்லை. தனக்கு நேரம் கொடுக்கப்பட்டது, வாயை அவன்தான் அடகு வைத்திருந்தான். கவரைத் தொடாத கையை அவ்வளவு பெருமையாக நினைத்திருந்தானே! தன்னை வாங்கப் பணம் தேவைப்படவில்லை, ஒரு நாற்காலியே போதுமானதாக இருந்தது என்பது அந்தச் சுவரோரத்தில் அவனுக்கு உறைத்தது.

தலைவர் பேசி முடித்தார். அப்போது கருணாகரன் அவனைக் கண்டுகொண்டார்.

"அடடே, சார் வந்துட்டாரே! கடைசிக் கேள்வியும் அவரோடதாவே இருக்கட்டும். மைக்கை அவர்ட்ட குடுங்க."

மைக் கை மாறிக் கை மாறி அவனிடம் வந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எனக்குக் கேள்வி இல்லை," என்றான். "இவர் ரொம்ப நாளா கையைத் தூக்கிண்டிருக்கார். நான் முன்னாடி உக்காந்து மறைச்சுண்டிருந்தேன். இவர் கேப்பார்."

மைக்கை ரஹ்மானிடம் கொடுத்தான். ரஹ்மான் நேரடியாகக் கேட்டார்: "உங்க வீராங்கனை அன்புச்செல்விக்கு அறுவை சிகிச்சை எப்போ? ஒப்பந்தப்படி நீங்கதான் செய்யணும். இதுவரைக்கும் ஏன் செய்யல?"

தலைவர் கருணாகரனைப் பார்த்தார். கருணாகரன் மேஜையைப் பார்த்தார். இந்தக் கேள்விக்குப் பதில் தயாராகவில்லை.

"அது... பரிசீலனையில இருக்கு."

"எந்தத் தேதின்னு சொல்லுங்கோ சார்," என்று மைக் இல்லாமலே கத்தினான் ஸ்ரீவத்சன். கேலரியில் கத்திப் பழகிய தொண்டை அது. கேமராக்கள் எல்லாம் தலைவர் முகத்தில் நின்றன. "இந்த மாசத்துக்குள்ள பண்ணிடுவோம்" என்று அவர் வாயிலிருந்து வந்தது. ரஹ்மான் அதைக் குறித்துக்கொண்டார். அவருக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது.

வாசலில் கருணாகரன் வழிமறித்தார். இப்போது குரலில் தேன் இல்லை. "கார்டைக் குடுத்துட்டுப் போங்க." ஸ்ரீவத்சன் நீல நாடாவைக் கழற்றிக் கொடுத்தான். கழுத்து லேசானதைப்போல் இருந்தது.

மறுநாள் பத்திரிகையில் எட்டு வரி அல்ல, அரைப் பக்கம் வந்தது. கீழே ஹபீபுர் ரஹ்மான் பெயர். அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு ஸ்ரீவத்சன் நொச்சிக்குப்பம் போனான். சாலையோரத்தில் மீன் வியாபாரம் மும்முரமாக இருந்தது. அன்புச்செல்வி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, காலை மீன் பெட்டி மேல் நீட்டியிருந்தாள். கிளப்பிலிருந்து காலையில் போன் வந்ததாம், ஆஸ்பத்திரித் தேதி சொன்னார்களாம்.

"தேதி சொல்லிட்டா ஆச்சா?" பிரபு முறைத்தான். "இவ எயுந்து ஓடறத என் கண்ணால பாத்தாதான் நம்புவேன்."

"என்னையாவது நம்பறியா?" என்று ஸ்ரீவத்சன் கேட்டான்.

அன்புச்செல்வி முந்திக்கொண்டாள்.

"நீ துட்டு வாங்கலண்ணா, அது எனக்குத் தெரியும். ஆனா அன்னிக்கு நீ எம்பேரச் சொல்லல பாரு, துட்டு வாங்கினவன் இன்னா பண்ணுவானோ அத்தத்தான் நீயும் பண்ண. கால் வலிக்கறவளுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

ஸ்ரீவத்சன் தலை குனிந்து நின்றான். பிரபுதான், "ஞாயித்துக்கெயம வரேன். டிரம்மு எடுத்தாரவா?" என்று கேட்டான்.

அந்த ஞாயிறு மொட்டை மாடியில் கச்சேரி நடந்தது. ஸ்ரீவத்சன் முதலில் ரஹ்மானிடம் பேர் சொல்லி மன்னிப்புக் கேட்டான். பிறகு ஏதோ சொல்ல வாயெடுத்தபோது மாம்பலம் பக்கமிருந்து ரயில் வந்துவிட்டது. "இரு நைனா, இது எல்லார் காதுலயும் வுழணும்," என்று பிரபு கையைக் காட்டினான். ரயில் முழுசாகப் போகும் வரை காத்திருந்துவிட்டு ஸ்ரீவத்சன் சொன்னான்:

"லஞ்சம்னா கவர்ல வர பணம் மட்டும்னு நெனச்சுண்டிருந்தேன். அது தப்பு. கேக்க வேண்டிய கேள்வியைக் கேக்காம இருக்கறதுக்கு எதைக் குடுத்தாலும் அது லஞ்சம்தான். நாற்காலி, மரியாதை, முதல் கேள்வி, எல்லாமே. ஊரைச் சந்தேகப்படறதுக்கு முன்னாடி, எனக்கு மட்டும் இதை ஏன் குடுக்கறான்னு நம்மளை நாமே ஒரு தடவை சந்தேகப்பட்டுக்கணும்."