கரையில் நின்றவன்

ஞாயிற்றுக்கிழமை காலை, முகத்தில் சோப்பு நுரையோடு சிதம்பரநாதன் கதவைத் திறந்தபோது வாசலில் ஒரு பஸ் கண்டக்டர் நின்றிருந்தார். கையில் சுருட்டிய வாரப் பத்திரிகை.

“இந்தக் கதை எழுதினது நீதானா சார்?”

பத்திரிகை ஆபீஸில் விலாசம் வாங்கிக்கொண்டு ஆழ்வார்பேட்டை வரை தேடி வந்திருக்கிறார். இத்தனை வருஷமாக எழுதியும் ஒரு வாசகர்கூட வீட்டுக்கு வந்ததில்லை. சிதம்பரநாதன் அவசரமாக முகத்தைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். வந்தவர் உட்காரவில்லை.

“உனக்கு யாரு சொன்னது?”

கதையில் ஒரு கண்டக்டரும் அவன் மனைவியும் அடையாறு கடலில் சேரும் இடத்துக்குப் போகிறார்கள். கால் நனைக்க இறங்கியவளைத் தண்ணீர் இழுக்கிறது. அவன் செருப்பைக் கழற்றி வைக்கிறான். இறங்கப் பயந்து கரையிலேயே நின்றுவிடுகிறான். பிறகு, குதித்துத் தேடியதாக எல்லோரிடமும் சொல்கிறான்.

முதலில் எழுதியபோது அவன் பாங்க் குமாஸ்தாவாகத்தான் இருந்தான். பிரதி எடுக்க உட்கார்ந்த அன்று, தி. நகர் பஸ்ஸில் சில்லறைக்காக ஒரு கண்டக்டர் சிதம்பரநாதனைத் திட்டியிருந்தார். அந்த எரிச்சலில் குமாஸ்தா என்பதை அடித்துவிட்டுக் கண்டக்டர் என்று போட்டார். அவ்வளவுதான்.

“யாரும் சொல்லலைங்க. எல்லாம் கற்பனை.”

“செருப்பு கூடவா?”

சிதம்பரநாதன் காதோரம் மிச்சமிருந்த நுரையைத் துடைத்தார்.

“என் பேரு கனகராஜ். போன வருசம் என் சம்சாரம் அங்கதான் பூட்டா. குதிச்சேன், கைக்கு ஆப்புடலன்னு எல்லாராண்டயும் சொல்லிக்கீறேன். அங்க வேற ஆளே இல்ல சார். செருப்பைக் கழட்டிட்டு நின்னது எனக்கு மட்டுந்தான் தெரியும்.”

அந்தச் செருப்பு வரியை எழுதியதும், வேறு யாருக்கும் இது தோன்றியிருக்காது என்று பூரித்துப்போய் அதை வாய்விட்டுப் படித்துப் பார்த்தது சிதம்பரநாதனுக்கு நினைவு வந்தது.

“பக்கத்து வூட்ல இந்த புக்கை வாங்கி என் பொண்ணு பட்ச்சிச்சு. நீ நின்னியா நைனான்னு கேட்டுச்சு. இல்லன்னேன். அதுலேர்ந்து என்னாண்ட பேசல. நீ வந்து, இது நீயாக் கட்டி எழுதினதுன்னு அதுங்கிட்ட சொல்லு. அது போதும்.”

சொல்லப்போவது உண்மைதானே என்று பஸ்ஸில் சிதம்பரநாதன் தனக்குள் சொல்லிக்கொண்டே போனார்.

சிந்தாதிரிப்பேட்டைச் சந்து ஒன்றில் ஒற்றை அறை வீடு. பெண்ணின் பெயர் ஜானு; புதிதாகத் தாவணி போட்ட வயது. சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். கனகராஜ் இருவருக்கும் முதுகைக் காட்டி மூலையில் குந்தி, டீ போட மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்குக் காற்றடிக்க ஆரம்பித்தார்.

“அது நானாக் கட்டின கதைம்மா. உங்கப்பாவை இன்னைக்குத்தான் முதல்தடவையாப் பார்க்கிறேன்.”

ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. ஆனாலும் பொய் சொன்னதைப்போலவே நாக்கு கூசியது.

அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. ஒன்றுதான் கேட்டாள்:

“தண்ணில போறப்போ அந்தம்மா இன்னா சொல்லிக் கூப்ட்டாங்க?”

அதை அவர் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று தோன்றவே இல்லை.

“தெரியலம்மா.”

அவள் அவரைப் பார்க்கவில்லை. அப்பாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்டவ் எப்போதோ நன்றாகப் பிடித்துக்கொண்டுவிட்டது. கனகராஜ் இன்னும் அடித்துக்கொண்டே இருந்தார். பாத்திரம் வைக்காத ஸ்டவ்வில் நீலச் சுவாலை சீறிக்கொண்டு உயர்ந்தது.